பாட்டும் பாடும்

தமிழில் ‘பாடு’ என்று ஒரு சொல் இருக்கிறது. குழந்தையைப் பார்த்து ‘ஒரு பாட்டுப் பாடு’ என்கிறோம். உழைத்துக் களைத்தவனைப் பார்த்து ‘படாத பாடு படுகிறான்’ என்கிறோம். இலக்கண ஆசிரியரைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு என்பார். ஒன்று வினை, மற்றொன்று ‘படு’ என்பதிலிருந்து பிறந்த பெயர் என்று பிரித்துக் காட்டுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் கொங்கு நாட்டுக் கிணற்றுமேட்டில் நின்றவர்களுக்கு இந்தப் பிரிவினை விளங்கியிராது. அங்கே பாட்டும் பாடும் ஒரே மூச்சில் வந்தன.

கொங்கு நாடு மலையின் மழைமறைவில் கிடக்கும் நாடு. பவானி, நொய்யல், அமராவதி என்று ஆறுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டாலும், மேட்டு நிலத்துக் குடியானவனுக்குக் கிணறுதான் உயிர். பாறையைக் குடைந்து ஆழமாகத் தோண்டிய கிணறு. அதிலிருந்து நீரை மேலே கொண்டுவருவதற்குக் கவலை. இரண்டு எருதுகள், ஒரு வடக்கயிறு, தோலால் தைத்த ஒரு சால். எருதுகள் சரிவில் இறங்கினால் நிறைந்த சால் மேலே வரும்; பின்வாங்கி மேட்டில் ஏறினால் வெறும் சால் கிணற்றுக்குள் போகும். கோழி கூவுவதற்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும் வரையில் முன்னும் பின்னுமாக இந்த ஒரே வேலை. எருது சோர்ந்துவிடாமல் இருக்கவும், ஓட்டுகிறவன் தூங்கி விழாமல் இருக்கவும் பாட்டு வேண்டியிருந்தது. பிறர் கேட்க வேண்டும் என்று அதை அவர்கள் பாடவில்லை. பாடாமல் அந்த வேலை ஓடாது என்பதற்காகப் பாடினார்கள்.

1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையில் விழுந்த நீர் மின்சாரமாகிக் கோயமுத்தூருக்கு இறங்கி வந்தது. முதலில் பஞ்சாலைகளுக்குப் போயிற்று; பிறகு மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் போயிற்று. கோவைப் பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்து குவித்தன. பொத்தானைத் தட்டினால் நீர் கொட்டுகிற காலம் வந்தது. கவலை நின்றது, எருதுகள் ஓய்ந்தன, பாட்டும் ஓய்ந்தது.

அதே மின்கம்பி ஊர்ச் சாவடிக்கும் ஒரு கிளை விட்டது. பஞ்சாயத்தார் வாங்கி வைத்த ரேடியோப் பெட்டி அங்கே பேசத் தொடங்கியது. சில ஆண்டுகள் சென்றபின், ‘நாட்டுப்புறப் பாடல்கள்’ என்ற அறிவிப்போடு, வயலிலும் கிணற்றுமேட்டிலும் ஓய்ந்துபோன பாட்டு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. மின்சாரம் ஒரு கையால் பறித்துக்கொண்டதை மறு கையால் திருப்பிக் கொடுத்தது.

திருப்பிக் கொடுத்தது அதே பொருள்தானா? பாடு கழிந்து பாட்டு மட்டும் மிஞ்சினால் அது யாருடைய பாட்டு? எடுத்து ஒலிபரப்புகிற நிலையம், பாடியவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா? சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்கிற நமக்கும் அந்தக் கடனில் பங்கு உண்டா? இந்தக் கேள்விகளைத்தான் இங்கே வாசகர்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

வானொலி நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1924-இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் என்பவர் சில அன்பர்களுடன் ஒரு வானொலிக் கழகம் அமைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். பணம் போதாமல் 1927-இல் அது நின்றுபோயிற்று. 1930-இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் பிறந்தன. கொங்கு நாட்டார் நெடுங்காலம் திருச்சியைத்தான் திருப்பிக் கேட்டார்கள். கோவைக்கென்று ஒரு நிலையம் 1966-இல் வந்தது. அதற்கு முன்பே கோவையில் யூ.எம்.எஸ். என்ற பெயரில் ரேடியோப் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டி செய்யத் தெரிந்த ஊர், அதற்குள் தன் குரலைக் கேட்பதற்குத்தான் பல ஆண்டு காத்திருந்தது.

அந்த நிலையத்தின் ஒலிபரப்பு நடுத்தர அலையில், 999 என்ற எண்ணில் வந்தது. நடுத்தர அலைக்கு ஒரு குணம் உண்டு. அது தரையைத் தழுவிக்கொண்டு போகும். மேடு பள்ளம் பாராமல், மலையின் மறுபுறத்துப் பள்ளத்தாக்கிலும் இறங்கும். இன்றைய பண்பலை அப்படியில்லை. இரைச்சல் இல்லாமல் தெளிவாக ஒலிக்கும், ஆனால் நேர்க்கோட்டில் பார்வைக்கு எட்டுகிற தூரத்தைத் தாண்டி அதிகம் போகாது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும், தாராபுரத்து வறண்ட காட்டுக்கும், அந்தியூர் மலையடிவாரத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதற்குத் தரையைத் தழுவும் அலைதான் ஏற்றதாக இருந்தது. நாட்டுப்புறத்துக்கு என்றே படைத்தது போன்ற அலை அது.

அலை போய்ச் சேர்ந்துவிட்டது. எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் பெரியவர்களுக்குள் சச்சரவு. 1952-இல் மத்திய அரசில் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், மக்களின் ரசனையை உயர்த்துவது வானொலியின் கடமை என்று கருதினார். சாஸ்திரீய இசைக்கு இடம் கூடியது. சினிமாப் பாட்டுக்கு இடம் குறைந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? அமைச்சரோடு வாதம் செய்யவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்தார்கள். கடல் கடந்து வந்த சினிமாப் பாட்டுக்கு நாடு முழுவதும் காது கொடுத்தது. கடைசியில் 1957-இல் விவித் பாரதி என்ற பெயரில் அரசாங்கமே மெல்லிசைக்கு வழி திறந்துவிட வேண்டியதாயிற்று.

இதை ‘நல்லதைக் கொடு’ என்பவர்களுக்கும் ‘பிடித்ததைக் கொடு’ என்பவர்களுக்கும் நடந்த போட்டி என்று சொல்வார்கள். இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. கிராமத்தானிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று இருவருமே நினைக்கவில்லை. ஒரு கட்சிக்கு அவன் மாணவன். மறு கட்சிக்கு அவன் வாடிக்கைக்காரன். இரண்டு பேருக்கும் அவன் ஒரு பெரிய காது. அந்தக் காதுக்குக் கீழே ஒரு வாய் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

அறவே மறந்தார்கள் என்று சொல்லிவிடவும் கூடாது. 1956-இல் புனே பக்கத்தில் ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு சோதனை நடந்தது. ஊரார் இருபது பேர் அளவில் கூடி உட்கார்ந்து வானொலியைக் கேட்பது, கேட்டதை விவாதிப்பது, தங்களுக்குத் தோன்றியதையும் ஐயங்களையும் நிலையத்துக்கு எழுதி அனுப்புவது. நிலையம் அவற்றுக்குப் பதில் சொல்லும். பள்ளிக்கூடம் மிதிக்காதவர்களும் கூச்சமின்றிப் பேசினார்கள் என்பதுதான் அந்தச் சோதனையின் பெரிய பயன். நம் தஞ்சைப் பகுதியிலும் ஒரு கதை உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைத் திருச்சி வானொலி வழியாக அறிந்துகொண்ட உழவர்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பது உரிமை கொண்டாடுகிறவன் செய்கிற காரியம். அந்த நெல்லை அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

உழவில் கிடைத்த இந்த மரியாதை பாட்டில் கிடைத்ததா? நாட்டுப்பாடலுக்கு வானொலியில் நேரம் ஒதுக்கினார்கள், உண்மை. குரல் தேர்வு வைத்தார்கள். அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். பாடியவருக்குச் சன்மானமும் கொடுத்தார்கள். இவை எல்லாம் நல்லவை. ஆனால் அறிவிப்பைச் சற்று உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள். ‘பாடியவர்கள், இன்னாரும் குழுவினரும்.’ அந்தக் ‘குழுவினர்’ யார்? பின்பாட்டுப் பாடிய நாலு பெண்கள், உடுக்கை அடித்தவர், தாளம் போட்டவர். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. நாட்டுப்பாட்டில் முன்பாட்டும் பின்பாட்டும் எஜமானும் வேலைக்காரனும் அல்ல. இன்றைக்கு முன்னே பாடுகிறவள் நாளைக்குப் பின்னே பாடுவாள். வானொலிக்கு ஒரு பெயர் போதும் என்று தோன்றியது. மற்றவர்கள் ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள்.

நேரத்தையும் பாருங்கள். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடினால் அது இரவு இரவாக நீளும். கேட்பவர்கள் நடுவே அழுவார்கள்; சிலருக்கு அருள் வரும்; குழந்தைகள் தூங்கி விழித்து மறுபடியும் கேட்கும். 1960-களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கருவியை ஊருக்குக் கொண்டுபோனார். ஊர் கூடி உட்கார்ந்திருந்த இடத்தில் கதை நடந்தது. கதவடைத்த ஒலிப்பதிவு அறைக்குள் ஊர் வர முடியாது. சிவப்பு விளக்கு எரிந்ததும் தொடங்கி, அது அணைவதற்குள் முடித்துவிட வேண்டும். அழுவதற்கும் அருள் வருவதற்கும் அங்கே அவகாசம் இல்லை.

என் சிறு வயதில் கோடை விடுமுறைக்கு அம்மாயி வீட்டுக்குப் போவதுண்டு. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் இருந்த பெட்டியில் களையெடுப்புப் பாட்டு ஒன்று வந்தது. அம்மாயி புளி உடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. பாட்டு முடிகிற வரையில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது உங்க பாட்டுங்களா அம்மாயி?” என்று கேட்டேன்.

“நம்ம பாட்டுத்தான் கண்ணு. ஆனாக் கை நோவாமப் பாடறாங்க” என்றார். மறுபடியும் புளி உடைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பல ஆண்டுகளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது குறையா, பெருமூச்சா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. குறை என்று எடுத்துக்கொண்டால் பொருள் இது: வெயிலும் முதுகு வலியும் இல்லாத இடத்திலிருந்து வருகிற களையெடுப்புப் பாட்டில் ஏதோ ஒன்று இல்லை, வலியை மறப்பதற்கென்று பிறந்த பாட்டு, வலி இல்லாத இடத்தில் எதை மறக்கும்? பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டால் பொருள் வேறு: கை நோகாமலும் இந்தப் பாட்டைப் பாடலாமா? அப்படி ஒரு வாழ்வு நமக்கு வாய்க்கவில்லையே!

நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்துப் பாட்டுக்காக உருகுகிறவர்கள் இந்த இரண்டாவது பொருளை எண்ணிப்பார்ப்பதே இல்லை. ‘அடடா, கவலைப் பாட்டுப் போய்விட்டதே’ என்று அங்கலாய்க்கிறோம். கவலை ஓட்டியவனுடைய பேரனிடம் போய், ‘பாட்டு வேண்டும், ஆகையால் மோட்டாரைக் கழற்றிவிட்டு எருதைப் பூட்டு’ என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. வரவும் கூடாது. பாட்டுக்காகப் பாட்டை விரும்புவது வேறு. பாட்டுக்காகப் பிறர் பாடுபட வேண்டும் என்று விரும்புவது வேறு. பின்னதற்கு ரசனை என்று பெயர் வைத்தாலும் அது கொடுமைதான்.

இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். ‘நம்ம பாட்டு’ என்று ஊரில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட முடிந்ததா? கவலைச் சாலைத் தோலில் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தச் சாலில் வந்த நீர் தோட்டத்தில் பாய்ந்தது. தைத்தவர்கள் அதே கிணற்றில் குடிக்க நீர் மொள்ள முடியாத காலம் ஒன்று இருந்தது. சாவு வீட்டில் பறை அடிப்பதைக் கலை என்று இன்று நாம் மேடையில் போற்றுகிறோம். அன்றைக்கு அது விருப்பம் அல்ல, கட்டளை. ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று சொன்னவர்கள் கலையை அழித்தவர்கள் அல்லர்; தங்கள் மானத்தைக் காத்துக்கொண்டவர்கள். ஒரு பாட்டு அழிகிறது என்று அழுவதற்கு முன்னால், அது யாருடைய முதுகின்மேல் நின்று பாடப்பட்டது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் வானொலி செய்த நன்மை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது பாட்டைக் கட்டளையிலிருந்து பிரித்தது. பண்ணையாருக்காகப் பாடிய பெண், ஒரு கடிதத்தின் பேரில், சன்மானம் பெற்றுக்கொண்டு, விரும்பினால் பாடலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்ற நிலை வந்தது. கை நோகாமல் பாடுவது என்பதை இப்படிப் பார்த்தால் அது குறை அல்ல, விடுதலை. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் நாட்டுப்பாடல் பாடி ஊரறிந்தவர். 1985-இல் ‘ஆண் பாவம்’ படத்தில் அவர் நடித்தபோது நாடே அவர் முகத்தையும் அறிந்துகொண்டது. பெயரோடு ஊரின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கவனியுங்கள். அந்த ஒருவர் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார்.

ஆனால் காற்றுக்கு வேலி இல்லை என்பதால் நிலையத்துக்கும் கதவு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் தென் பகுதியில் நாஷ்வில் என்ற நகரத்தில் 1925-இல் ஒரு காப்பீட்டுக் கம்பெனி வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. நகரத்துப் பெரிய மனிதர்கள் தங்கள் ஊரைத் தென்னாட்டு ஏதன்ஸ் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இரவு, 77 வயதுக் கிழவர் ஒருவர், ஜிம்மி தாம்சன் என்பவர், ஒலிபெருக்கிக் கருவியின் முன்னால் உட்கார்ந்து பிடில் வாசித்தார். கிராமங்களிலிருந்து தந்திகள் வந்து குவிந்தன. ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்று 1927-இல் பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டுக்கு உலகத்திலேயே பெரிய மேடையாக வளர்ந்தது.

அதை நடத்திய ஜார்ஜ் ஹே என்பவர் கெட்டிக்காரர். வாசிக்க வந்தவர்களில் பலர் கோட்டும் சூட்டும் அணிந்து வந்தார்கள்; ஒரு குழுவின் தலைவர் மருத்துவர். கிராமத்தார் வானொலி நிலையத்துக்குப் போகும்போது உள்ளதில் நல்ல உடையைத்தானே உடுத்துவார்கள்? ஹே அவர்களுக்குப் பண்ணை வேலைக்காரனின் உடையைப் போட்டுவிட்டார். மருத்துவரின் குழுவுக்குக் காட்டுவிலங்கு வேட்டைக்காரர்கள் என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். நகரத்தானுடைய மனத்தில் இருந்த கிராமத்தைக் கிராமத்தானே வேஷம் கட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் நாட்டுப்பாடல் மேடையில் பட்டுப் புடவையைக் களைந்து கண்டாங்கிச் சேலை கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பாடகி தன் மகள் திருமணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

அந்த நாஷ்வில் மேடையில் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர் ஒருவர் இருந்தார். மவுத் ஆர்கனில் ரயில் ஓடுகிற ஓசையை அப்படியே எழுப்புவார். தொடக்க காலத்தில் அந்த நிகழ்ச்சிக்குப் புகழ் தேடித் தந்தவர்களில் அவர் ஒருவர். வானொலியில் கேட்ட வெள்ளையர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஊர் ஊராகப் போகும்போது, கூட வந்த வெள்ளைக்காரக் கலைஞர்களோடு ஒரே விடுதியில் தங்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் காலணிக்கு மெருகிடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982-இல் இறந்தார். நாட்டுப்புற இசைக்கு உழைத்தோர் வரிசையில் 2005-இல் அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். காற்றில் வந்தபோது அவருக்கு நிறம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது இருந்தது. சாதி என்ற சொல்லை நிறம் என்ற சொல்லின் இடத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாட்டு வானொலியில் மட்டும் வாழ்ந்தால் அது வாழ்வா? கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மியில் பாடுகிறவர், ஆடுகிறவர், பார்ப்பவர் என்ற பிரிவு கிடையாது. கை தட்டத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வட்டத்தில் இடம் உண்டு. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இன்று மறுபடியும் ஊருக்கு ஊர் தழைத்திருக்கிறது. கோவை மாவட்டத்தில் பல்லாண்டுகளாக அதைக் கற்பித்துவந்த பத்ரப்பன், ஆண்களுக்கென்றே இருந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 2024-இல், அவருடைய 87-ஆம் வயதில், அரசாங்கம் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே அடியாகக் காலெடுத்து வைக்கும்போது அங்கே வாய் மூடிய காது ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு காரியத்தை எந்த வானொலியாலும் தனியே செய்துவிட முடியாது.

ஆனால் வட்டம் என்று ஒன்று போட்டால் உள்ளே சிலர், வெளியே சிலர். ‘இது எங்கள் கும்மி, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்ற பேச்சு எழும்போது கூடிப் பாடுவதன் இனிமை கசந்துபோகிறது. கும்மிக்கு வாய் இருக்கிறது, வேலியும் வந்துவிடக்கூடும். வானொலிக்கு வேலி இல்லை. கேட்பவனுக்கு வாயும் இல்லை. ஒன்று மற்றொன்றிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். கும்மி வட்டம் வானொலியைப் போல எல்லோரையும் உள்ளே விட வேண்டும். வானொலி கும்மியைப் போலக் கேட்பவனையும் பாட விட வேண்டும்.

எழுதுகிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோவைக்கு வானொலி வருவதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1942-இல், ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குக் குடியானவர்களைக் கொங்குத் தமிழிலேயே பேச வைத்தார். ஊர்ப் பேச்சு அச்சில் ஏறலாம் என்று காட்டிய நூல் அது. மு. அருணாசலம் 1943-இல் வெளியிட்ட நாட்டுப்பாடல் நூலுக்குக் ‘காற்றிலே மிதந்த கவிதை’ என்று பெயர். கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரன் தம் தொகுப்புக்குக் ‘காற்றில் வந்த கவிதை’ என்று பெயரிட்டார். அழகான பெயர்கள். அந்தப் பெரியவர்கள் ஊர் ஊராக நடந்து சேர்க்காவிட்டால் பல பாடல்கள் நமக்குக் கிடைத்திரா. ஆயினும், பாட்டு காற்றில் வரவில்லை. ஒரு வாயிலிருந்து வந்தது. அந்த வாய்க்கு ஒரு பெயரும், பெயருக்கு ஓர் ஊரும், அன்று காலையில் குடித்த கஞ்சியும் உண்டு. காற்று என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கடன் இல்லை. ஆள் என்று சொன்னால் கடன் வந்துவிடுகிறது.

காற்றைப் பற்றி நம் உச்ச நீதிமன்றமே 1995-இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒலிபரப்புக்கான அலைகள் பொதுச் சொத்து. அரசாங்கத்துக்கோ தனியாருக்கோ ஏகபோக உரிமை கிடையாது என்பது அதன் சாரம். அதன்பின் கல்வி நிலையங்களும், 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சிறு சிறு சமுதாய வானொலிகளை நடத்த வழி பிறந்தது. சில மைல் தூரம்தான் எட்டும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் இருப்பவர்கள் சைக்கிளை மிதித்து நிலையத்துக்கே வந்துவிடலாம். இன்று பையிலுள்ள கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகவும் இருக்கிறது. ஆகவே, கிராமத்தானுக்குப் பாட இடம் இல்லை என்று சாக்குச் சொல்ல இனி முடியாது. கருவி பெருகியதனால் மட்டும் கடன் தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. யாரோ பதிவு செய்து, யாரோ அனுப்பி, யாரோ கேட்டு, ‘யாரோ ஒரு பாட்டி’ என்ற தலைப்போடு பாட்டு சுற்றி வருகிறது. ‘குழுவினர்’ என்ற சொல்லின் இடத்தில் ‘யாரோ’ என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கடனைத் தீர்க்கப் பெரிய சட்டங்கள் வேண்டியதில்லை. பாடியவர் அத்தனை பேரின் பெயரையும் ஊரையும் சொல்வது முதற்கடன். அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்தப் பாட்டு எந்த வேலையில், எந்தத் துயரத்தில், எந்தக் கொண்டாட்டத்தில் பிறந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல விடுவது இரண்டாவது. பாட்டினால் பணம் வந்தால் பங்கு கொடுப்பது மூன்றாவது. பாட மறுப்பவரின் மறுப்பையும் மதிப்பது நான்காவது; அது எல்லாவற்றிலும் பெரியது. இவற்றைச் செய்கிற நிலையத்தை எத்தனை லட்சம் பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டாம். அதைக் கேட்டபின் எத்தனை பேர் தாங்களும் வாய் திறந்தார்கள் என்று கணக்கெடுத்தால் போதும்.

வானொலிக்காரர்கள் நமக்கு ‘நேயர்’ என்று ஓர் அருமையான பெயர் கொடுத்திருக்கிறார்கள். வெறுமனே காது கொடுப்பவன் என்று அதற்குப் பொருள் இல்லை. அன்புடையவன் என்று பொருள். அன்புடையவன் எதிரில் பாடுகிறவர் யார் என்று விசாரிக்காமல் இருப்பானா? ‘பாடு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று தொடங்கினேன். ‘கேள்’ என்ற சொல்லுக்கும் தமிழில் இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்பது ஒன்று. வாயால் கேட்பது மற்றொன்று. ஒரு நாட்டுப்பாட்டு முடிந்ததும், ‘குழுவினர் என்றால் யார் யார்?’ என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பாட்டைக் கேட்டவர்கள் இதையும் கேட்கத்தானே வேண்டும்?